கப்பல் மேடையில் கேட்டது யாருடைய மேளம்

1. பெட்டிக்குள் இருந்த வயலின்கள்

உல்லாசக் கப்பலின் தியேட்டரில் எனக்கு முதல் நாள் கொடுத்த வேலை, திரைக்குப் பின்னால் தரை துடைப்பது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் பாட்டு தொடங்கியது. இருபது முப்பது பேர் சேர்ந்து வாசிப்பது போலச் சத்தம். வயலின் மட்டுமே பத்து இருக்கும் என்று நினைத்தேன். திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். மேடையில் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஒருவரிடமும் வயலின் இல்லை.

நான் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்குப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரன். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். புது ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். அதனால் வயலின் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. மூன்று நாள் தேடினேன். நாலாவது நாள், சவுண்ட் மேசையின் கீழே பிஸ்கட் டின் அளவில் இருந்த ஒரு பெட்டியில் விளக்கு மினுங்குவதைக் கண்டேன். எல்லா வயலினும் அதற்குள்தான் இருந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பாடகி மூச்சு வாங்குகிறாரா, கழுத்து நரம்பு அசைகிறதா என்று பார்ப்பேன். மேல் சுரத்தில் குரலை இழுக்கும்போது, அவர் மைக்கைக் கொஞ்சம் விலக்குவார். குரல் மட்டும் குறையாது. நடனக்காரர்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே பாடுவார்கள். பாட்டில் ஒரு இரைப்பும் கேட்காது.

என் ஸ்டேஜ் மேனேஜர் பெர்னி நல்ல மனிதர். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவராகவே சொன்னார். "கணேசன், கப்பல் ஆடும். பாடுறவளுக்குத் தொண்டை கட்டும். ஆனா நாப்பத்தஞ்சு நிமிஷத்துல ஷோ முடியணும், ரெண்டாவது பந்தி சாப்பாட்டுக்கு சனம் போகணும். இதப் பொய்யின்னு நெனைக்காத. இது இன்ஷூரன்ஸ்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் பதினொரு வருடம், ஐந்து கப்பல், எந்த மேடையையும் நான் முழுசாக நம்பியதில்லை. நன்றாகப் பாடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த நேரத்தில் அவர்கள் பாடுகிறார்கள், எந்த நேரத்தில் பெட்டி பாடுகிறது என்பதைத்தான் சொல்ல முடியாது.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கப்பலில் ஆட, பாட, மேளம் அடிக்கப் போக நினைக்கிறார்கள். ஏஜென்சிக்காரர்களும் ஹட்டனுக்கு வந்து ஆள் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் அடுத்து நடந்ததை எழுதுகிறேன்.

2. ரொஷான் மாத்தயா

நான் கப்பல் வேலையை விட்டு வீட்டோடு இருந்த சமயம். கொழும்பிலிருந்து ரொஷான் என்று ஒரு ஏஜென்ட் வந்தார்; மரியாதைக்கு 'மாத்தயா' என்று கூப்பிட்டோம். கொழும்புத் துறைமுகத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் கப்பலில், மாலையில் இருபது நிமிஷம் உள்ளூர் நிகழ்ச்சி வேண்டுமாம். மலைநாட்டுத் தப்பு மேளமும் ஆட்டமும் கேட்டிருக்கிறார்கள். முதல் தடவை பிடித்திருந்தால் சீசன் முழுவதும் அதே செட்டைக் கூப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் அதோடு சரி.

என் மனைவியின் தம்பி தர்மலிங்கத்திடம் ஒரு செட் இருந்தது. தப்பு அடிக்க நான்கு பேர், ஆட நான்கு பெண்கள். தர்மன் ஆட்டோ ஓட்டுகிறான். பெண்களில் ஸ்டெல்லா என்பவள்தான் முன்னால் நின்று ஆடுவாள். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையே அவளிடம் அளவாகத்தான் பேசுவார்.

கப்பல் மேடை தெரிந்தவன் என்று என்னையும் கூட வரச் சொன்னார்கள்.

ரொஷான் எல்லாவற்றுக்கும் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாருடைய பெயரையும் இரண்டு முறை கேட்டு எழுதினார். ஒத்திகையை போனில் படம் எடுத்தார். இங்கிலீஷில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். கடைசியில்தான் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு நாளைக்குக் கொழும்புக்கு வாங்க. ஸ்டூடியோவுல மேளத்த ரெக்கோர்ட் பண்ணுவோம். சும்மா, ஒரு சேஃப்டிக்கு."

எனக்கு உடனே அந்த பிஸ்கட் டின் பெட்டிதான் ஞாபகம் வந்தது. ஒரு முறை மேளத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் பிறகு மேளக்காரன் எதற்கு? வேறு நான்கு பேருக்கு வேட்டி கட்டிவிட்டு, கையை மட்டும் ஆட்டச் சொல்லலாம். அப்படி ஆட்டினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கேட்கவில்லை. "அந்த ரெக்கோர்டிங் யார் கையில இருக்கும்?" என்ற ஒரே கேள்வி. தொண்டை வரை வந்தது. ரொஷான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

தர்மன் ஆட்களோடு போய் ரெக்கோர்டிங் முடித்துவிட்டு வந்தான். அதன் பிறகு எப்போதும் என் கண் ரொஷான் மேல்தான். அவர் போனில் மெதுவாகப் பேசினால் சந்தேகம். சத்தமாகப் பேசினாலும் சந்தேகம்.

3. சாக்கு

கப்பல் வந்த நாள், பிற்பகல் மூன்று மணிக்குத் துறைமுக வாசலில் நின்றோம். சாமான்களை ஸ்கேன் மெஷினில் விட்டார்கள். தப்புகள் போயின, உடுப்புகள் போயின. தர்மன் தூக்கிக்கொண்டு வந்த ஒரு சாக்கு மட்டும் நின்றுவிட்டது. காவல்காரர் அதைத் திறந்து தரையில் கொட்டினார்.

உள்ளே மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய காய்ந்த தேயிலைக் குச்சி. கொஞ்சம் வைக்கோல். இரண்டு நெருப்புப் பெட்டி.

காவல்காரர் சிங்களத்தில் கேட்டார். தர்மனும் சிங்களத்தில், ரொம்பப் பொறுமையாகச் சொன்னான். தப்பு தோல் மேளம், குளிர்ந்தால் தொய்ந்துவிடும், அடிக்கும் முன்னால் நெருப்பில் காய்ச்ச வேண்டும், மேல்தட்டில் ஒரு ஓரமாக மூட்டிவிட்டு உடனே அணைத்துவிடுவோம் என்று.

கப்பலில் நெருப்பு. அங்கே அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. சிகரெட் துண்டைத் தவறான இடத்தில் போட்டவனையே வீட்டுக்கு அனுப்புவார்கள். காவல்காரர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். ரொஷான் ஓடி வந்து அரை மணி நேரம் கெஞ்சிப் பேசினார். சாக்கையும் நெருப்புப் பெட்டியையும் வைத்துக்கொண்டு எங்களை உள்ளே விட்டார்கள்.

"ஏன் மச்சான், கப்பல்ல நெருப்பு மூட்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றேன் தர்மனிடம்.

"தெரிஞ்ச ஆளு நீங்கதானே மச்சான். ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அவன் கேட்டது சரி. தப்பைக் காய்ச்சாமல் யாரும் அடிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். கப்பலில் நெருப்பு கூடாது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. நான் ரொஷானைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

4. யார் கேட்டது

தியேட்டர் ஐஸ் பெட்டி போலக் குளிர்ந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு தப்பும் தொய்ந்துவிட்டன. அடித்துப் பார்த்தால் நனைந்த சாக்கைத் தட்டுவது போல இருந்தது. ஷோவுக்கு ஐம்பது நிமிஷம் இருந்தது.

நான் பின்னால் சவுண்ட் மேசைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் ரெக்கோர்டிங் ஏற்றப்பட்டிருந்தது. மேடை மைக்குகளின் விளக்கு எல்லாம் அணைந்திருந்தது. நான் நினைத்தது சரி. அதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம்கூட வந்தது.

உடுப்பு மாற்றும் அறைக்குப் போய் தர்மனைத் தனியாகக் கூப்பிட்டேன். "மச்சான், மைக்க அடச்சு வச்சிருக்கான். ரெக்கோர்டிங்கத்தான் போடப் போறான். நான் அன்னைக்கே நெனச்சேன், அந்த ரொஷான்..."

தர்மன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரொஷான் மாத்தயா இல்ல மச்சான். ரெக்கோர்டிங் நான் கேட்டது."

"நீயா?"

"ஏசியில தப்பு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? நெருப்பு மூட்ட விட்டா அடிப்போம், இல்லாட்டி ரெக்கோர்டிங் இருக்கட்டும்னு மாத்தயாகிட்ட சொன்னேன். இன்னைக்கு சொதப்புனா சீசனே போயிரும். எட்டுப் பேரு இதையே நம்பிக்கிட்டு இருக்காங்க."

எனக்குத் தெரியாமல் கதவு திறந்திருந்தது. ஸ்டெல்லா சலங்கை கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அப்படிங்களா தர்மண்ணே. எங்க காலு மட்டும் நெசமா ஆடணும். ஒங்க கை சும்மா வெறகு வெட்டுற மாதிரி ஆடுமாக்கும்."

"சத்தம் போடாத புள்ள."

"நான் எங்க சத்தம் போட்டேன்? சத்தந்தான் பொட்டியில இருக்கே." என்னைப் பார்த்தாள். "நீங்க பதினோரு வருஷம் கப்பல்ல இருந்தீங்கன்னு ஊரே சொல்லுது. ஒரு தோலக் காய வைக்க இங்க வழியே இல்லையா?"

வழி இருந்தது. எந்தக் கப்பலிலும், வியர்வையில் நனைந்த நடன உடுப்புகளைக் காயப்போட வார்ட்ரோப் அறையில் ஒரு சூட்டு அலமாரி இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி யாரிடமாவது நான் கேட்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

வார்ட்ரோப் அறையில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் எங்கோ போய்விட்டது. கையோடு கொண்டுபோன ஒரு தப்பை உயர்த்திக் காட்டினேன். தட்டினேன். பிறகு அலமாரியைக் காட்டினேன். அவர் ஊசியை வைத்துவிட்டு எழுந்தார். அலமாரியில் இருந்த பாவாடைகளை எடுத்து நாற்காலியில் போட்டார். "எத்தனை?" என்று கேட்டார். நான்கு விரலைக் காட்டினேன். தலைமுடி காயவைக்கும் மெஷின் இரண்டும் எடுத்துக் கொடுத்தார்.

இருபத்தைந்து நிமிஷத்தில் தோல் இறுகியது. மற்றத் தப்புகளோடு வந்திருந்த தர்மன் ஒன்றை எடுத்துத் தட்டினான். அந்தச் சின்ன அறையில் காது அடைத்தது. அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். "சரி மச்சான், நாங்களே அடிக்கிறோம்" என்றான் தர்மன்.

அடுத்து சவுண்ட் ஆள். மைக்கைப் போடுங்கள் என்று சொன்னபோது அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். "நிஜமாகவே அடிக்கப் போகிறார்களா? இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை" என்றார். மைக் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஆனால் ரெக்கோர்டிங் பட்டன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார். தாளம் குலைந்தால் அதை அழுத்திவிடுவாராம். நான் அந்த விரலுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

5. பன்னிரண்டாவது நிமிஷம்

தொடக்கம் நன்றாக இருந்தது. சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பதினொரு வருடத்தில் அந்த மாதிரி ஒரு தியேட்டரில் நாற்காலிகள் அதிர்வதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டாவது நிமிஷம் ஓரத்துத் தப்பு தொய்ந்தது. மேடை ஏசியின் குளிர் அதற்கு நேராக வந்துகொண்டிருந்தது. இரண்டு அடி மந்தமாக விழுந்தது. மூன்றாவது அடி தாளத்திலிருந்து விலகியது. பக்கத்தில் இருந்தவனும் தடுமாறினான். சவுண்ட் ஆளின் விரல் பட்டனைத் தொட்டது.

"வெயிட்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு முறை சொன்னேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

மேடையில் தர்மன் தொய்ந்த தப்பைக் கீழே வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். ஸ்டெல்லா அதைக் கவனித்துவிட்டு, ஆடிக்கொண்டே கையைத் தட்டத் தொடங்கினாள். மற்ற மூன்று பெண்களும் கும்மி போலச் சேர்ந்து தட்டினார்கள். தப்பை வைத்தவனும் தட்டினான். விட்டுப்போன தாளத்தைக் கைகளும் சலங்கையும் பிடித்துக்கொண்டன. முன்வரிசையில் ஒரு கிழவர் தட்டினார். கொஞ்ச நேரத்தில் பாதித் தியேட்டர் தட்டியது. அவர்கள் தட்டியதில் தாளம் இல்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

விரல் பட்டனை விட்டு விலகியது.

இருபது நிமிஷ ஷோ இருபத்திமூன்று நிமிஷம் ஓடியது. கப்பல் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து, "நல்லாயிருந்தது, நீளம் அதிகம்" என்றார். அது சம்மதமா மறுப்பா என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் பேசினார்கள். எனக்கு மறுப்பு என்றுதான் பட்டது.

6. போனில்

எட்டு நாள் கழித்து ரொஷான் எனக்குப் போன் செய்தார். "சரி வந்திருச்சு அண்ணே. சீசன் முழுக்க. இருபது நிமிஷத்துல முடிக்கணும், அது மட்டும்தான். தர்மனுக்கும் சொல்லிட்டேன்."

சந்தோஷமாக இருந்தது. ஆனால் பழைய கேள்வி இன்னும் தொண்டையில் இருந்தது. இந்த முறை கேட்டேன். "மாத்தயா, அந்த ரெக்கோர்டிங் யார் கையில இருக்கு?"

"அன்னைக்கே தர்மன் கையில ஒரு பிரதி குடுத்தேனே. தாள்லயும் எழுதியிருக்கு, அத வேற யாரும் பாவிக்க முடியாதுன்னு. நீங்க கேக்கவே இல்லையே அண்ணே. என்னைய ஒரு மாதிரி பாத்துக்கிட்டே இருந்தீங்க. என்மேல ஏதோ கோவமின்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று மாதமாக நான் மனதில் வைத்திருந்த பாரம், அரை நிமிஷத்தில் பதில் கிடைக்கிற ஒரு கேள்வி. கூச்சப்படுகிறவன் கேள்வியைக் கேட்காமல் விடுகிறான். விட்ட கேள்வி உள்ளே கிடந்து சந்தேகமாகிவிடுகிறது. அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனேன். பிறகு வைக்கவில்லை.

"கப்பல் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருந்துச்சே மாத்தயா. அத அழிச்சாங்களா?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"அது... இன்னும் கப்பல்ல இருக்கு அண்ணே."

"அழிச்சுட்டு எனக்குச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நாங்க வர்றோம்" என்றேன்.

இரண்டு நாளில் அழித்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த முறை கப்பலில் ஏறியதும் சவுண்ட் மேசைக்குப் போய், காட்டச் சொல்லிக் கேட்டு, என் கண்ணால் பார்த்தேன். கப்பலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுவது பாவமில்லை. முதலில் வாய் திறந்து கேளுங்கள். பதில் வந்த பிறகு இன்னொன்றும் கேளுங்கள்.