கதவு சீரியலும் டைரி சீரியலும்

மொரீனிடமிருந்து இன்று காலை செல்போனில் ஒரு செய்தி: அடுத்த மாதம் மூன்றாவது வியாழன், நான்கு மணியிலிருந்து ஐந்தேகால் வரை, டீ குடிக்க வர முடியுமா? மொரீன் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ். இங்கே அயர்லாந்தில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி. அவள் வீடு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. எத்தனை மணிக்கு வரலாம் என்று சொல்கிறவர்களை ஊரிலும் பார்த்திருக்கிறேன். எழுந்து போக வேண்டிய நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறவர்களை இங்கேதான் பார்க்கிறேன்.

இந்த விஷயத்தில் நான் ஏமாந்ததற்கு ஒரு டிவி சீரியல்தான் காரணம். தர்மபுரியில் நர்சிங் படித்தபோது, பென்னாகரத்துக்காரியான நானும் கம்பைநல்லூர் செல்வியும் ஒரே ஹாஸ்டல் அறை. வெளிநாடு போக இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டுமே என்று செல்வியின் செல்போனில் இரண்டு ஆங்கில சீரியல்களை விழுந்து விழுந்து பார்த்தோம். இரண்டும் நண்பர் கூட்டத்தின் கதை. ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் கதவு சீரியல். அதில் யார் வீட்டுக் கதவும் பூட்டியிருக்காது. யார் வேண்டுமானாலும் நுழைந்து, பிரிட்ஜைத் திறந்து, நின்றபடியே தின்பார்கள். எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது. இன்னொன்று டைரி சீரியல். சேர்ந்து சாப்பிட நாள் குறிப்பார்கள், தள்ளிப்போடுவார்கள், மறுபடி குறிப்பார்கள், அதற்குள் அன்றைய கதை முடிந்துவிடும். இரண்டிலும் எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிக்கும். எதற்கென்று புரியாவிட்டாலும், பரீட்சைக்கு வந்து தொலைக்குமோ என்று நாங்களும் சிரித்து வைப்போம்.

நான் கதவு கட்சி, செல்வி டைரி கட்சி. "அந்த ஊர்ல இப்படித்தாண்டி இருப்பாங்க. கதவுல வர்றதெல்லாம் நம்ம கம்பைநல்லூரு. கோட்டு மாட்டிவிட்டு எடுத்திருக்காங்க" என்பாள். பரீட்சையில் நான் தேறினேன். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசும் செல்வி எழுத்தில் கோட்டை விட்டாள். பிறகு அவளுக்குக் கல்யாணம், அரூரில் வேலை.

இங்கே வந்த முதல் மாதம், சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒரு டப்பா கோழிக்குழம்புடன் மொரீன் வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. திறந்துகொண்டு நேரே போய் பிரிட்ஜில் டப்பாவுக்கு இடம் தேடினேன். தலையில் துண்டோடு வந்த மொரீன் வெளிறிப்போய், "யார் செத்துப்போனது?" என்று கேட்டாள். நானும் பதறி, டப்பாவைக் காட்டி, "கோழி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டோடு நுழைவது இங்கே சாவு வீட்டுக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. வாசல்வரை வந்து கையைப் பிடித்து, "நீ அவசியம் இன்னொரு நாள் வர வேண்டும்" என்றாள். 'இப்போது கிளம்பு' என்பதைத்தான் இங்கே அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள் என்று எனக்கென்ன தெரியும்? அடுத்த ஞாயிறே போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவமானத்தில் அழுகை வந்தது. அப்புறம் ஒரு டைரி வாங்கி, நாள் கேட்டு, நேரம் கேட்டு, மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவளைச் சம்பாதித்தேன்.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். நாள் கேட்காமல் போய் நிற்க ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பில்தான் அந்த மூன்று வருடமும் ஓடியது. செல்வி வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நான் படியிலேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

"செல்வி, வாசல்லதான் நிக்கிறேன். இப்ப வரலாமா?"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஈரக்கையோடு ஓடி வந்தாள். "ஐயோ, யாருக்கு என்னடி ஆச்சு? யாரு போயிட்டாங்க?"

எங்கள் பக்கத்தில், திறந்த வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்று கூப்பிடுகிறவர் துக்கச் செய்தி கொண்டுவந்தவர்தான். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. தொந்தரவா இருக்குமோன்னு..."

செல்வியின் முகம் சுருங்கியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தட்டில் பிஸ்கட் வந்தது. ஹாஸ்டலில் என் தட்டிலேயே கைபோட்டுச் சாப்பிட்டவள், எனக்கு பிஸ்கட் நீட்டினாள்.

"நாஞ் சொன்னதுதான் நெசம்னு ஆயிடுச்சு பாரு. ஆனா நீயே அந்த டைரி சீரியல்ல நடிக்கப் போயிடுவேன்னு நெனைக்கலடி."

எனக்குப் பயமாகிவிட்டது. பிஸ்கட்டை அப்படியே வைத்துவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். அவரைக்கொட்டைக் குழம்பு வாசம் தூக்கியது. சட்டி மூடியில் கை வைத்தேன். வைத்த கை அங்கேயே நின்றது. செல்வி பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறக்கட்டுமா?" என்று என் வாய் கேட்டுவிட்டது.