ஊர்க்காரர் மாட்டிய டைமிங் செயின்

என் டாக்ஸியின் எஞ்சினுக்குள் டைமிங் செயின் தேய்ந்து கடகடவென்று சத்தம் போட்டது. தாராவியில் மெக்கானிக்காக இருந்த எங்கள் ஊர்க்காரரிடம் வண்டியை விட்டேன். செயினுக்கு மட்டும் காசு வாங்கினார். எஞ்சினைப் பிரித்து இரண்டு நாள் பார்த்த வேலைக்குக் கூலி எவ்வளவு என்றேன்.

"ஊர்க்காரன்ட்ட கூலி வாங்குவனா வே?"

அன்றைக்குப் பிடித்தது சனி. அவருடைய சொந்தக்காரர் யார் ரயிலில் வந்தாலும் தாதர் ஸ்டேஷனுக்கு நான்தான் போக வேண்டும். மீட்டரைத் தொட முடியுமா? மச்சினர், மச்சினரின் மாமனார், அவர் கொண்டுவந்த அரிசி மூட்டை எல்லாம் ஏற்றி அலுத்துப்போனேன்.

மறுபடி செயின் சத்தம் போட்டபோது, மாஹிமில் முன்பின் தெரியாத மெக்கானிக்கிடம் போனேன். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"பம்பாய்" என்றேன்.