ஒன்பது நாள் தாமதம்

எழுபதுகளின் கடைசியில் புதூர்நாட்டு மலைப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். ஒரு மாலை சாலையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்த என்னை, புளி மூட்டை ஏற்றி வந்த லாரி பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. வலது தொடையெலும்பு முறிந்தது. சில வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டுக் கட்டில்.

லாரி முதலாளியின் மேனேஜர் மாதாமாதம் சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார்.

"கோர்ட்டு கேஸெல்லாம் இன்னாத்துக்கு சார்? மொதல்ல எழுந்து நடங்க. மொதலாளி ஒங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறாரு?"

நான் நெகிழ்ந்துபோனேன். ஆறு மாதம் முடிந்த அன்றோடு அவருடைய அன்பும் முடிந்துவிட்டது.

என் மனைவிக்குத்தான் சந்தேகம் தட்டியது. "வர்றேன்னு சொன்ன தேதியில அந்த ஆளு வரலீங்களே. நாளைக்கே ஒரு வக்கீலாண்ட கேட்டுட்டு வந்துடலாங்க."

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் பாறை சரிந்து ஒரு வாரம் பஸ்ஸே இல்லை. ஒருவழியாக என்னை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கி, நகரத்து வக்கீல் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டிருக்கணும் சார். ஒன்பது நாள் தாண்டிடுச்சே."

இந்தச் சட்டம் தெரிந்து மலைக்கு வந்துபோன ஒரே மனிதர் மேனேஜர்தான் என்று அப்போது புரிந்தது. குடிமக்களின் உரிமைகள் பற்றிப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் பாடம் நடத்தியவன் நான்.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டோம். ஒன்பது நாளுக்கும் நாள்வாரியாகக் காரணம் சொல்ல வேண்டுமாம். கூண்டில் நின்று, மழையையும் பாறையையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்:

"பஸ் இல்லேன்னா என்ன? நடந்து இறங்கி வந்திருக்கலாமே?"

கால் முறிந்ததற்கு நஷ்டஈடு கேட்டு வந்தவனிடம் கேட்ட கேள்வி இது. நான் பணிவான பதிலொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்பெஞ்சிலிருந்த என் மனைவி எழுந்துவிட்டாள்.

"நடக்க முடிஞ்சிருந்தா நாங்க ஏங்க இங்க வரப்போறோம்?"

டவாலி அவளை அதட்டி உட்காரவைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

தாமதம் மன்னிக்கப்பட்டது. அந்த ஒன்பது நாளை மன்னிக்க நீதிமன்றத்துக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. ஒருமுறை நீதிபதி விடுப்பு, ஒருமுறை வக்கீல் வீட்டுக் கல்யாணம், இருமுறை வழக்குக் கட்டையே காணோம். இதில் ஒரு நாளுக்குக்கூட யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. மூல வழக்குக்கு மேலும் மூன்று வருஷம். கடைசியில் ஜெயித்தோம். அதற்குள் நான் சற்றே விந்தி நடக்கப் பழகிவிட்டிருந்தேன்.

அதன்பின் மலையில் யார் அடிபட்டு வந்தாலும், காயத்தைப் பார்க்கும் முன் "இன்னிக்கு இன்னா தேதி?" என்றுதான் என் மனைவி கேட்பாள். ஜீப் மோதிக் கை முறிந்த ஒரு விவசாயியை மூன்றாம் நாளே வக்கீலிடம் துரத்தினாள். வழக்கில் ஜெயித்ததும் அவர் ஒரு முழுப் பலாப்பழத்தைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். படித்தவனாயிற்றே என்று எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.