‘அப்பா’ என்ற ஃபோல்டர்

என் மேசை இழுப்பறையில் ஒரு நீலத் தம்ப் டிரைவ் கிடக்கிறது. மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. இன்று காலையிலிருந்து நாலு முறை அதை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு என் பழைய மாணவி வருகிறாள். அவள் மகள் பள்ளியில் இணையப்பக்கம் செய்யப் படிக்கிறாளாம். “உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன் சார், பாக்கணுங்கறா” என்று செய்தி அனுப்பியிருந்தாள். தன் அப்பா தவறி மூன்று வருடமாயிற்று என்றும் அதிலேயே எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சமூக மன்றத்தில், சனிக்கிழமைகளில், பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையப்பக்க வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தேன். படங்களையெல்லாம் ‘இமேஜஸ்’ என்ற ஃபோல்டரில் வைக்க வேண்டும். படம் வராமல் போனால் அந்த இடத்தில் தெரிவதற்கு ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். இவை என் விதிகள். அவள் மட்டும் ஃபோல்டருக்கு ‘அப்பா’ என்று பெயர் வைத்தாள். அவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். அவள் பக்கம் முழுக்க அவர் வேலை செய்த கப்பல்கள்.

பெற்றோர் வந்து பார்க்கும் நாளன்று காலை, எல்லோருடைய வேலையையும் என் தம்ப் டிரைவில் சேர்த்தேன். வரிசையில் அவள் ஃபோல்டர் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. பெயரை ‘இமேஜஸ்’ என்று மாற்றினேன். பக்கத்துக்குள் எழுதியிருப்பது பழைய பெயர், அது அந்தப் பெயரில்தான் போய்ப் படத்தைத் தேடும், அந்தப் பெயர் இல்லாவிட்டால் படம் வராது என்பது முதல் வாரப் பாடம். நடத்தியவன் நான்.

அவள் அப்பா அரைநாள் விடுப்பு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். திரையில் ஒரு படமும் வரவில்லை. வெற்றுக் கட்டங்கள். “நேத்து வந்துச்சு சார், ப்ராமிஸ்” என்றாள். “சொன்னபடி செய்யாட்டி இப்படித்தான் ஆகும்” என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. அவர் மகளிடம், “சார்கிட்ட ஸாரி சொல்லும்மா” என்றார். சொன்னாள். பிறகு அவர் கட்டங்களுக்குள் இருந்த வரிகளை விரல் வைத்துப் படித்தார். ‘அப்பா கட்டிய கப்பல்.’ ‘அப்பா இந்தக் கப்பலுக்குள் இருக்கிறார், வெளியே தெரியமாட்டார்.’ என்னைப் பார்த்து, “பரவால்ல லா சார், எழுத்து வருதே” என்றார்.

எல்லோரும் போன பிறகு, கணினியை அணைக்கப் போனபோதுதான் நான் மாற்றிய பெயர் கண்ணில் பட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்ப் பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். இரண்டு மாடி இறங்கினால் போதும். பேருந்து வந்து அவர்கள் ஏறும்வரை நான் ஜன்னலோரமே நின்றேன். அடுத்த வாரமும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் என் மதிப்பு போய்விடும் என்று பயம். அதன்பிறகு அவள் செய்த பக்கத்தில் ஒரு படம்கூட இல்லை.

இப்போது தம்ப் டிரைவைக் கணினியில் செருகிவிட்டேன். அந்தப் பக்கம் திறந்திருக்கிறது, அதே வெற்றுக் கட்டங்களோடு. ஃபோல்டரின் பெயரைத் திருத்த ஒரு நொடி போதும். திருத்திவிட்டால், அவள் வரும்போது அன்று ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாக் கப்பல்களும் வந்து நிற்கும். அதனால் கையை எடுத்துவிட்டேன். பெயரை மாற்றியது யார் என்று அவள் மகளின் எதிரில் சொல்லிவிடுகிறேன். ‘அப்பா’ என்று அவளே திரும்ப எழுதட்டும்.

மணி பத்தே முக்கால்.