டமார் சாரின் ஸ்டார்ட்டில்

எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவரைப் பிள்ளைகள் டமார் சார் என்பார்கள். காரணம் ஒரே ஒரு வினைச்சொல். ‘ஸ்டார்ட்டில்’ (startle) என்ற சொல் பாடத்தில் வந்ததும் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலப் பின்னால் நடந்து போவார். கடைசி பெஞ்சில் டஸ்டரை ஓங்கி அடிப்பார். வகுப்புக்கே தூக்கிவாரிப் போடும். “இதான் ஸ்டார்ட்டில். வெறும் ஆச்சரியம் இல்ல. உடம்பு முதல்ல துள்ளும், மனசு அப்புறம்தான் வந்து சேரும்” என்பார். அகராதிகூட இவ்வளவு நன்றாகச் சொல்லாது என்று அவருக்கு நினைப்பு. நினைப்பில் தப்பும் இல்லை.

மனைவிமேல் அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை. காபி ஆறியிருந்தால் டம்ளர் சுவருக்குப் பறக்கும், இஸ்திரி போட்ட சட்டை இல்லையென்றால் கதவு அறைபடும், அவ்வளவுதான். கோபம் வந்தாலும் மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று தனக்குத்தானே சர்டிபிகேட் கொடுத்துக்கொள்வார். மனசில் வைத்துக்கொள்ளும் வேலையெல்லாம் மனைவிக்குத்தான்.

இந்த வருடம் மகளும் அதே வகுப்பில் இருந்தாள். பள்ளியில் அவளுக்கும் அவர் சார்தான். டஸ்டர் அடி விழுந்தபோது அவள் மட்டும் அசையவில்லை. அது அவருக்கு உறுத்தியது. அவளை எழுப்பி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். எது திடுக்கிட வைத்தது, யாரை என்று இரண்டும் அதில் வர வேண்டும் என்றார்.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் அம்மாவைத் திடுக்கிட வைக்கிறது என்று, பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிழை கண்டுபிடிக்க அவரும் பார்த்தார், கிடைக்கவில்லை. உட்காரச் சொன்னார்.

சாயங்காலம் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது மகள்மேல்தான் கோபம். வகுப்பில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாளே என்று பொருமினார். பாதி வழியில் கோபம் கரைந்து, வெட்கமாகிவிட்டது. இன்றிலிருந்து சத்தமே போடக்கூடாது என்று முடிவெடுத்தார். தெருவிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல உள்ளே நுழைந்தார்.

சமையலறையில் மனைவி பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. நல்ல குரல். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றவர், தாங்க முடியாமல் மெதுவாகக் கூப்பிட்டார்.

அவள் விருட்டென்று திரும்பினாள். கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கையும் தலைக்குமேல் போயின. அவர்தான் என்று தெரிந்த பிறகும் அந்தக் கைகள் உடனே இறங்கவில்லை.

“பயப்படாத, நான்தான். இனிமே இப்படியே சத்தமில்லாம வரேன்” என்றார்.

அவள் குனிந்து கரண்டியை எடுத்தாள். குரலில் கோபமே இல்லை.

“வேணாங்க. சத்தம் போட்டுக்கிட்டே வாங்க. அப்பதான் முகத்தைச் சரிபண்ணிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.”