சாகாத கொசுவுக்கு மருந்தடித்தவர்

கொத்மலையில் ஆற்றோரமாக இருந்த எங்கள் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மலேரியா மருந்தடிக்க வருகிறவரின் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. ஒடிசலான மனிதர். புருவமெல்லாம் வெள்ளையாக மருந்து படிந்திருக்கும். தோட்டத்தில் எங்களை மேய்க்கிற கண்டாக்கு ஐயா கேட்காமலே நுழைகிற எங்கள் ஒற்றை அறைக் காம்பராக்களுக்குள், இவர் மட்டும் "உள்ள வரலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.

அந்த வருஷம் அவர் வந்தபோது என் மகள் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். வெளியே அடைமழை. அவளைத் தூக்கிக்கொண்டு போக இடமில்லாமல் நான் வாசலை மறித்து நின்றேன்.

"போன தடவை நீங்க அடிச்ச சுவத்துலயே கொசு உக்காந்திருந்துச்சுண்ணே. சாகாத கொசுவுக்கு எதுக்கு மருந்து?"

"தெரியும் தங்கச்சி. முன்னெல்லாம் அடிச்ச அன்னைக்கே செத்துக் கொட்டிக் கிடக்கும். இப்ப அதுக்குப் பழகிப்போச்சு."

"மேல சொல்றதுதானே?"

"சொன்னேன். இன்னும் கெட்டியாக் கலந்து அடின்னாங்க. அடிக்கலைன்னா எனக்கு இன்னைக்குப் பேர் போட மாட்டாங்க, சம்பளமும் இல்ல. எம் புள்ளைகளும் லயத்துலதான் இருக்கு."

அவரோடு வந்து பின்னால் நின்ற கண்டாக்கு ஐயா, சீக்கிரம் அடிக்கச் சொல்லி அதட்டினார். மருந்தடிக்கிறவர் மழைக்குத் தன் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து மகளைப் போர்த்தினார். எங்களை மூலையில் உட்காரவைத்து, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றச் சுவர்களுக்கு அடித்தார். நடுவில் இருமல் வந்து குனிந்துவிட்டார். சாக்கைத் திருப்பிக் கேட்காமல் நனைந்துகொண்டே கீழ் லயத்துக்கு இறங்கினார்.

மகள் கொயினா மாத்திரையில் தேறினாள். மருந்து வேண்டாமென்று நான் வாசலை மறித்துச் சொல்ல அவராவது இருந்தார். அடிக்க மாட்டேன் என்று அவர் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.