படித் திருப்பத்தில் ஹெல்மெட்

தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவன் மாரடைப்பில் போன பிறகு மகள் பள்ளிக்குக் கிளம்பும் முதல் நாள். தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மகளுக்கு ஆட்டிசம்; ஒவ்வொன்றும் நேற்றைப் போலவே நடக்க வேண்டும். பை, தண்ணீர், நீலச் செருப்பு என்று அவன் செய்த வரிசையிலேயே எல்லாம் செய்தாகிவிட்டது. ஆனாலும் மாடிப்படித் திருப்பத்தில் சிறுமி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எழுந்திரு கண்ணு. இன்னிக்கும் நான் வேலைக்குப் போகலைன்னா கடையில வேற ஆளை வச்சிடுவாங்கடி.”

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “உங்க வீட்டுக்காரர் பாப்பாவை வேன்ல ஏத்திட்டு அப்படியே பைக்குல வேலைக்குப் போகக் கிளம்பி, தினமும் இங்க வந்ததும் ‘ஐயோ, ஹெல்மெட்டு’ன்னு திரும்பி ஓடுவாரேக்கா!”

எதையும் மறக்காத தையல்காரிக்கு அது இதுவரை உறைக்கவே இல்லை. அவன் மறதியும் மகளுக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு படி.

“ஐயோ, ஹெல்மெட்டு!” என்று ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து எடுத்து வந்தாள். மகள் அசையவில்லை. மேலே வாசலையே பார்த்தாள். இன்னும் ஏதோ பாக்கி. ஹாரன் மறுபடியும் அலறியது.

சட்டென்று தையல்காரிக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் அந்த வாசலில் நின்று அவனைப் பார்த்துக் கத்தியது அவள்தானே. மறுபடி மேலே ஓடினாள். வாசலில் நின்று கத்தினாள்.

“தலையைக் கழட்ட முடிஞ்சா அதையும் வச்சிட்டுப் போவீங்க!”

மகள் எழுந்து இறங்கத் தொடங்கினாள். ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு தையல்காரி பின்னாலேயே ஓடினாள்.